இடைக்கால வரலாற்றில் முதுகலை: ஈராண்டுப் படிப்பு குறித்த ஒரு மதிப்பீடு

இடைக்கால வரலாற்றில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பை அண்மையில் நிறைவு செய்தேன். படித்த பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்துறையில் சேர எண்ணுவோருக்கு நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும், அங்கே எவை கற்பிக்கப்படுகின்றன, எந்த வரிசையில் கற்பிக்கப்படுகின்றன, எவை விடுபடுகின்றன என்பவையே பயன்படும் என்று நம்புகிறேன். சேர்வதற்கு முன் நான் தேடியும் கிடைக்காத விவரங்கள் அவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாண்டில் இலத்தீன் மொழி, பழைய கையெழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தரும் தொல்லெழுத்தியல், ஆவணங்களின் அமைப்பையும் நம்பகத்தன்மையையும் ஆராயும் ஆவணவியல், வரலாற்றெழுதியல் குறித்த கருத்தரங்கு வகுப்பு, இவற்றுடன் இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தன. இரண்டாமாண்டு பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு உரியது. தாளில் பார்க்கும்போது இது சமச்சீரான திட்டமாகவே தோன்றும். நடைமுறையில் படிப்பின் முழு எடையும் தொல்லெழுத்தியல் வகுப்பின் மீதும் ஆய்வேட்டின் மீதும் விழுகிறது. அந்த இரண்டும் சரியாக அமைந்ததால்தான் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

தொல்லெழுத்தியல் வகுப்பின் முதல் நாளில் எங்கள் கையில் கொடுக்கப்பட்டது கரோலிங்கியச் சிற்றெழுத்தில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தின் படம். பிராங்கிய அரசர் சார்லமேன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய அந்த எழுத்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று நம்புவதற்கே கடினமாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, வட்டமாக, தெளிவாக நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய மனிதநேய அறிஞர்கள் அந்த ஏடுகளைக் கண்டு, இதுவே பழைய ரோமானியரின் எழுத்து என்று கருதி அதைப் பின்பற்றி எழுதினார்கள்; அச்சுக்கலை வந்தபோது அந்த வடிவமே ரோமன் அச்செழுத்துக்கு மாதிரியானது. ஆகவே இன்று நாம் அச்சில் பார்த்துப் பழகிய வடிவத்தைத்தான் அந்தப் பழைய ஏட்டில் மீண்டும் காண்கிறோம். அடுத்த வாரமே 14ஆம் நூற்றாண்டின் கோதிக் எழுத்தில் அமைந்த பக்கம் வந்தது. அதில் ஐ, என், எம், யு ஆகிய நான்கு எழுத்துகளும் ஒரே மாதிரியான குறுஞ்செங்குத்துக் கோடுகளால் ஆனவை. 'மினிமும்' என்ற சொல்லை அந்தக் கையில் எழுதினால் இடைவெளியற்ற பதினைந்து கோடுகள் வரிசையாக நிற்கும். எந்தக் கோடு எந்த எழுத்துக்கு உரியது என்பதைச் சொல்லின் பொருளை ஊகித்த பிறகே பிரிக்க முடியும். பின்னர் வந்தது பிந்தைய தலைமுறை எழுத்து என்பதால் எளிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தோர் அனைவருக்கும், காலம் செல்லச் செல்ல எழுத்து தெளிவாகும் என்ற எண்ணம் அன்றே நீங்கியது.

சுருக்கக்குறிகள் இதைவிடக் கடினமானவை. தோல் ஏடு விலை உயர்ந்தது. எழுதுவோரின் நேரமும் அப்படியே. எனவே எழுத்தர்கள் சொற்களைக் குறுக்கினார்கள். 'பி' எழுத்தின் கீழ்க்காலைக் குறுக்கே ஒரு கோடு வெட்டினால் 'பெர்', அதன் தலைக்கு மேல் கோடு இட்டால் 'ப்ரே', கீழ்க்காலிலிருந்து இடப்புறமாக ஒரு சுழி வளைந்தால் 'ப்ரோ'. மூன்றும் பொருளில் வேறுபட்ட முன்னொட்டுகள். ஒரு நூலிழைக் கோட்டின் இடமே அவற்றைப் பிரிக்கிறது. இத்தாலியரான அட்ரியானோ கப்பெல்லி 1899 இல் வெளியிட்ட சுருக்கக்குறி அகராதி இன்றும் மாணவர் மேசைகளில் இருக்கிறது, எங்கள் வகுப்பிலும் இருந்தது. ஆனால் எங்கள் ஆசிரியர் முதல் பருவம் முழுவதும் அதைத் திறக்க அனுமதிக்கவில்லை. படத்தைப் பார்த்துக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். விரித்த எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். ஐயம் இருந்தால் ஐயக்குறி இட வேண்டும். ஊகித்துச் சரியாக எழுதிய விடைக்குக்கூட, அது ஊகம் என்று அடைப்புக்குறியில் காட்டப்படாவிட்டால் மதிப்பெண் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் இது அளவுக்கு மீறிய கண்டிப்பாகத் தெரிந்தது. ஏட்டில் இருப்பது எது, நான் சேர்த்தது எது என்ற கோட்டை ஒவ்வொரு சொல்லிலும் வரையப் பழகாமல் இந்தத் துறையில் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது என்பதை ஆய்வேட்டின்போது உணர்ந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இந்த வகுப்புக்கு நான் எவ்வளவு உயர்ந்த மதிப்பீடு தருகிறேனோ, அவ்வளவு குறைவான மதிப்பீட்டையே இலத்தீன் வகுப்புக்குத் தர வேண்டியிருக்கிறது. குறை ஆசிரியரிடம் இல்லை. அவர் பொறுமையும் புலமையும் உடையவர். குறை கால ஒதுக்கீட்டில் இருந்தது. மொழியை அறியாதவர்களையும் சேர்த்துக்கொள்வதாக அறிவிக்கும் ஒரு படிப்பு, வேற்றுமை உருபுகள் ஐந்து வகைப் பெயர்ச்சொற்களில் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தொடங்கி, வினைச்சொற்களின் நான்கு வகுப்புகளையும் கடந்து, ஒரு சாசனத்தைத் தானே படிக்கும் நிலைக்கு மாணவரை இரண்டு பருவங்களில் கொண்டுவந்துவிட முடியும் என்று கருதுவது தவறு. மேலும் தொல்லெழுத்தியலும் இலத்தீனும் ஒரே வாரத்தில் தொடங்கின. மொழி தெரியாமல் எழுத்தைப் படிப்பதால் என்ன நேரும் என்பதை மேலே சொன்ன கோதிக் கோடுகளே காட்டும்: பொருள் தெரிந்தால்தான் எழுத்தைப் பிரிக்க முடியும், எழுத்தைப் பிரித்தால்தான் பொருள் தெரியும். இலத்தீன் முன்பே படித்திருந்த சில மாணவர்கள் இந்தச் சுழலைத் தாண்டி முன்னே சென்றார்கள். என்னைப் போன்றோர் முதல் நான்கு மாதங்களை ஓவியம் பார்த்து வரைவது போலக் கழித்தோம். ஒரே ஒரு கோடை விடுமுறையை இலத்தீனுக்கு ஒதுக்கிவிட்டு இலையுதிர் காலத்தில் தொல்லெழுத்தியலைத் தொடங்கியிருந்தால் போதும், இந்தப் படிப்பின் தரம் வேறாக இருந்திருக்கும்.

கற்பிக்கப்பட்ட இலத்தீனும் பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் செவ்வியல் இலத்தீன். நாங்கள் படிக்க வேண்டியிருந்ததோ 'மிஹி' என்பதை 'மிக்கி' என்றும், 'நிஹில்' என்பதை 'நிக்கில்' என்றும் எழுதிய, சொல்லின் நடுவிலும் இறுதியிலும் இருந்த 'ஏஇ' ஈரெழுத்தை வெறும் 'எ' ஆக்கிவிட்ட, வட்டார மொழிச் சொற்களுக்கு இலத்தீன் விகுதியைச் சேர்த்துக்கொண்ட எழுத்தர்களின் மொழி. அதைப் பிழை என்று கருதும் பழக்கத்தை வகுப்பு எங்களுக்கு ஏற்படுத்தியது. அந்தப் பழக்கத்தைப் பின்னர் நாங்களே முயன்று களைய வேண்டியிருந்தது.

ஆவணவியல் வகுப்பு சிறியது. வாரம் ஒருமுறை மட்டுமே நடந்தது. ஆனாலும் படிப்பின் அறிவார்ந்த மையம் அதுவே என்று சொல்வேன். 1440 இல் இத்தாலிய மனிதநேய அறிஞர் லொரென்ஸோ வல்லா, கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு ஐரோப்பாவின் ஆட்சியைத் திருத்தந்தைக்கு வழங்கியதாகக் கூறும் ஆவணத்தைப் போலி என்று நிறுவியதிலிருந்து வகுப்பு தொடங்கியது. அந்த ஆவணத்தில் ரோமானிய அதிகாரிகளின் வரிசையில் 'சத்ரப்' என்ற பாரசீக ஆட்சியாளரின் பெயர் வருகிறது. 4ஆம் நூற்றாண்டு ரோமில் அப்படியொரு பதவியைப் பற்றி யார் பேசியிருக்க முடியும் என்று வல்லா கேட்டார். ஒரு சொல் ஒரு பேரரசின் நன்கொடையைக் கவிழ்த்தது. அங்கிருந்து 1681 இல் பெனடிக்டின் துறவி ஷான் மபிய்யோன், எழுத்து, முத்திரை, மொழி நடை, தேதியிடும் முறை ஆகியவற்றை ஒப்பிட்டுச் சாசனங்களைச் சோதிக்கும் நெறிமுறையை வகுத்ததற்கு வந்தோம். போலி என்று தெரிந்தவுடன் ஆவணத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதே எங்கள் ஆசிரியர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. கான்ஸ்டன்டைன் ஆவணம் 4ஆம் நூற்றாண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அது உருவாக்கப்பட்டதாகக் கருதப்படும் 8ஆம் நூற்றாண்டில் திருச்சபைக்கு எது தேவைப்பட்டது என்பதைப் பற்றி நிறையச் சொல்லும். 'இப்போதிருப்போரும் இனி வருவோரும் அறிக' என்று தொடங்கும் ஒரு சாதாரண நில ஒப்படைப்புச் சாசனத்தைக்கூட, யாரை நோக்கி, எந்தச் சாட்சிகளின் முன்னிலையில், எந்த வழக்கை எதிர்பார்த்து எழுதப்பட்டது என்று கேட்டுக் கேட்டுப் படிக்க இந்த வகுப்பு பழக்கியது.

தேதிகளைக் கணக்கிடுவதற்கு மூன்று வாரங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவை போதவில்லை என்றாலும் பயனுள்ளவை. இங்கிலாந்தில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியதால், அங்கே 1250 பிப்ரவரி என்று எழுதப்பட்டிருப்பது நம் கணக்கில் 1251 பிப்ரவரி. ஆட்சியாண்டில் தேதியிடப்பட்டிருந்தால் அரசர் எந்த நாளில் அரியணை ஏறினார் என்பது தெரிய வேண்டும். மூன்றாம் எட்வர்டின் ஆட்சியாண்டு ஜனவரி 25 இல் பிறக்கிறது; முதலாண்டு 1327 இல் தொடங்குவதால் 23ஆம் ஆண்டு 1349 ஜனவரி 25 முதல் 1350 ஜனவரி 24 வரை. 'எட்வர்டின் 23ஆம் ஆண்டில் புனித மிக்கேல் திருநாளுக்கு அடுத்த வியாழன்' என்று ஒரு மன்றப் பதிவு தொடங்கினால், அத்திருநாளான செப்டம்பர் 29 அந்த ஆண்டில் செவ்வாய்க்கிழமை என்பதைக் கண்டறிந்து, அது 1349 அக்டோபர் 1 என்று எழுத வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் கையால் போட்டுப் பழகியது எனக்கு ஆய்வேட்டில் பெரிதும் உதவியது.

வரலாற்றெழுதியல் கருத்தரங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எதிர்பார்த்த பெயர்கள் எதிர்பார்த்த வரிசையில் வந்தன: 1929 இல் லூசியன் ஃபெவ்ருடன் இணைந்து புதிய ஆய்விதழைத் தொடங்கிய மார்க் ப்ளோக், நிலமானிய முறை என்ற கருத்தாக்கமே ஆதாரங்களை மறைக்கிறது என்று 1974 இல் எழுதிய எலிசபெத் பிரவுன், அதே ஐயத்தை 1994 இல் விரிவான நூலாக்கிய சூசன் ரெனால்ட்ஸ். வாரத்துக்கு முந்நூறு பக்கங்கள் படிக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரத்தில் பேசி முடிக்கும் முறையால் எந்த வாதமும் மனத்தில் வேரூன்றவில்லை.

ஒரே ஒரு வாரம் விதிவிலக்காக அமைந்தது. தென் பிரான்சின் பாமியே மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த ஷாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய மதவிசாரணையின் பதிவேட்டிலிருந்து ஒரேயொரு வாக்குமூலத்தை அந்த வாரம் முழுவதும் படித்தோம். இம்மானுவேல் லெ ருவா லதூரி 1975 இல் மோந்தையூ என்ற மலையூரின் வாழ்வை அந்தப் பதிவேட்டிலிருந்தே கட்டியெழுப்பினார். இடையர்களின் பருவகால நடையும், அடுப்படிப் பேச்சும், காதலும் அச்சமும் அதில் உண்டு. அந்த நூலைப் படித்து வியந்துதான் எங்களில் பலர் இத்துறைக்கே வந்திருந்தோம். வகுப்பில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. ஊரார் தம் வட்டார மொழியான ஒக்சித்தானில் பேசினார்கள். எழுத்தர் அதை இலத்தீனில் எழுதினார். கேள்விகளைத் தேர்ந்தவர் தண்டிக்கும் அதிகாரம் படைத்த ஆயர், பின்னாளில் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் ஆனவர். அப்படியானால் ஏட்டின் பக்கத்தில் நாம் கேட்கும் குரல் யாருடையது? கேள்விகள் பல இடங்களில் எழுதப்படாமல் விடைகள் மட்டுமே தொடர்ச்சியான பேச்சுப் போல் நிற்கின்றன; விடுபட்ட கேள்வியை நாமே வருவித்துக்கொண்டு படிக்கும்போது, மனம் திறந்து பேசியதாகத் தோன்றிய பெண் ஒருத்தி அஞ்சி அஞ்சி விடை சொன்னவளாக மாறிவிடுகிறாள். அந்த வாரத்தைப் போல மற்ற வாரங்களும் அமைந்திருந்தால் இந்தக் கருத்தரங்குக்காகவே இப்படிப்பைப் பரிந்துரைத்திருப்பேன்.

விருப்பப் பாடங்களில் ஒன்றுக்கு 'இடைக்கால உலகம்' என்று தலைப்பு. பன்னிரண்டு வாரங்களில் பதினொன்று மேற்கு ஐரோப்பாவுக்குப் போயின. எஞ்சிய ஒரு வாரத்தில் கெய்ரோ கெனிசாவைத் தொட்டுச் சென்றோம். பழைய கெய்ரோவின் ஃபுஸ்டாட் பகுதியில் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தின் அறையொன்றில் இலட்சக்கணக்கான ஏட்டுத் துண்டுகள் நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்தன. இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எதையும் எறியக் கூடாது என்ற வழக்கத்தால் வணிகரின் கடிதம், திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு, சிறுவர் எழுத்துப் பயிற்சி எல்லாம் அங்கே தங்கின. பலவும் எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு மொழியில் உள்ளன. அரசனோ மடமோ தனக்கு உரிமை தரும் தாள்களை மட்டும் தேர்ந்து பாதுகாத்த ஆவணக்காப்பகத்துக்கும், தேர்வே இல்லாமல் எஞ்சிய இந்தக் குவியலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பருவம் முழுவதும் பேசியிருக்கலாம். 1377 இல் தன் வரலாற்று முன்னுரையை எழுதிய அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூனுக்கு அரை மணி நேரமே கிடைத்தது. 'இடைக்காலம்' என்ற பிரிவே ஐரோப்பியர் தம் வரலாற்றுக்காக வகுத்துக்கொண்டது. அதை உலகுக்கு நீட்டும்போது அது பொருந்துகிறதா என்ற கேள்வியை எழுப்பாமல் அத்தலைப்பை இட்டிருக்கக் கூடாது. இது எனக்கு உண்மையான வருத்தம் தந்த குறை.

மற்ற விருப்பப் பாடம் கொள்ளைநோய் பற்றியது. அது மிகச் சிறப்பாக அமைந்தது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்பு மரணத்தை எழுத்து ஆதாரங்களோடும் இயற்கை அறிவியலோடும் சேர்த்துப் பார்த்தோம். இலண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு கொள்ளைநோய் இடுகாட்டில் புதைக்கப்பட்டோரின் பற்களிலிருந்து கொள்ளைநோயை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ் நுண்ணுயிரியின் மரபணுத்தொகுப்பு 2011 இல் மீட்டெடுக்கப்பட்டது. கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரிப் பகுதியில் 1338, 1339 ஆண்டுகளில் நடப்பட்ட சிரியாக் மொழிக் கல்லறைக் கற்கள் சில, இறந்தவர் கொள்ளைநோயால் மாண்டதாகச் சொல்கின்றன. அங்கே புதைக்கப்பட்டோரின் எச்சங்களில் அதே நுண்ணுயிரி இருந்ததை 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்லில் இருந்த ஒரு சொல்லும் பல்லில் இருந்த மரபணுவும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் அந்தத் தருணத்தை எங்கள் ஆசிரியர் விளக்கியபோது வகுப்பு முழுவதும் அமைதியானது. அதே வேளையில், நோய் எது என்பதை மரபணு சொல்லும், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதையோ எஞ்சியோர் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதையோ அது சொல்லாது என்பதையும் அவர் தெளிவாக்கினார். அதற்கு மீண்டும் தோல் சுருள்களுக்கே திரும்ப வேண்டும். என் ஆய்வேடு அங்கிருந்துதான் பிறந்தது.

இங்கிலாந்தில் மேனர் எனப்படும் பண்ணையின் குடியானவர் இறந்தால், அவர் வைத்திருந்த நிலம் நிலப்பிரபுவின் கைக்குத் திரும்பும். இறப்புத் தீர்வையாக அவருடைய கால்நடைகளில் சிறந்த ஒன்றைப் பிரபு எடுத்துக்கொள்வார். வாரிசு வந்து நுழைவுக் கட்டணம் செலுத்தி நிலத்தைப் பெறுவார். இவை அனைத்தும் பண்ணை மன்றச் சுருள்களில் பதிவாகும். நான் ஒரேயொரு பண்ணையின் 1348 முதல் 1352 வரையான சுருள்களை எடுத்துக்கொண்டேன். வழக்கமான ஆண்டுகளில் ஒரு மன்ற அமர்வில் ஓரிரு இறப்புகளே வரும் அந்தச் சுருளில், 1349 கோடையில் பக்கத்தின் இடது ஓரம் முழுவதும் இறப்புத் தீர்வையைக் குறிக்கும் ஒரே சொல் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து வேகமாகிறது, பின்னர் ஓரிடத்தில் எழுத்தரே மாறிவிடுகிறார். கால்நடை எதுவும் இல்லாததால் தீர்வை இல்லை என்ற வாசகம் பெருகுகிறது. சுருளில் எங்கும் கொள்ளைநோய் என்ற சொல் இல்லை.

நான் வாரிசுகளைக் கணக்கிட்டேன். 'ஃபில்' என்று எழுதி மேலே ஒரு சிறு கோடு இட்டிருந்தால் அது மகனைக் குறிக்கும் 'ஃபிலியுஸ்' ஆகவும் இருக்கலாம், மகளைக் குறிக்கும் 'ஃபிலியா' ஆகவும் இருக்கலாம். 'யோ' என்று தொடங்கிக் கோட்டில் முடியும் பெயர் ஆண்பெயரான யோஹன்னஸ் ஆகலாம், பெண்பெயரான யோஹன்னா ஆகலாம். பெயரில் ஐயம் வந்த இடங்களிலெல்லாம் நான் மகன் என்றே விரித்தேன். அடைப்புக்குறியும் இட்டேன், ஆனால் ஐயக்குறி இடவில்லை. அந்த எண்ணிக்கையின் மீது ஓர் இயல் முழுவதையும் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் கருத்து எதுவும் எழுதாமல், 1351 ஆம் ஆண்டுச் சுருளின் ஒரு பதிவைப் படித்து வரச் சொன்னார். அதே நிலத்தை வைத்திருக்கும் யோஹன்னா, இம்முறை முழுப் பெயருடன், திருமணம் செய்துகொள்ள அனுமதி பெறுவதற்கான கட்டணத்தைச் செலுத்துகிறாள். அந்தக் கட்டணம் பெண்களின் திருமணத்துக்கு உரியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தந்தையை இழந்து நிலத்தைப் பெற்றவளை நான் ஒரு கோட்டின் மீது வைத்த ஊகத்தால் ஆணாக்கியிருந்தேன்.

சுருள்களை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். ஐயத்துக்குரிய ஒவ்வொரு பெயரையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தேடினேன். சிலர் பெண்கள் என்று தெரிந்தது, சிலரைப் பற்றி முடிவு செய்ய முடியவில்லை, அவர்களை முடிவு செய்ய முடியாதவர்கள் என்றே தனி வரிசையில் எழுதினேன். அதற்கு மூன்று மாதங்கள் சென்றன. முதல் பருவத்தில் ஆசிரியர் ஏன் குறித்துக் காட்டாத ஒவ்வோர் ஊகத்துக்கும் மதிப்பெண் குறைத்தார் என்பது அப்போது விளங்கியது. நிலம் வைத்திருந்தோரின் இறப்பு மட்டுமே சுருளில் வருகிறது என்பதால், நிலமற்ற கூலியாட்களும் குழந்தைகளும் பெரும்பாலான பெண்களும் ஏற்கெனவே அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே வந்துவிட்ட சிலரையும் படிப்பவரின் அவசரம் வெளியேற்றினால் அவர்கள் வேறு எங்கும் இல்லாமல் போய்விடுவார்கள்.

அந்த நெறியாளருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவர் எனக்குக் கிடைத்தது தாமதமாகத்தான். நெறியாளர் ஒதுக்கீடு முதலாண்டின் இறுதியில் நடப்பதாக அறிவிக்கப்பட்டு, இரண்டாமாண்டின் இரண்டாம் மாதத்தில்தான் நடந்தது. எங்கள் குழுவில் ஒருவர் எடுத்த தலைப்பை அறிந்த ஆசிரியரே துறையில் இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர் தலைப்பை மாற்றிக்கொண்டார். ஈராண்டுப் படிப்பில் இவ்வளவு காலத்தை இழப்பது பெரிய இழப்பு, அதைத் துறை சரிசெய்திருக்க வேண்டும்.

ஆவணக்காப்பகப் பயணம் ஒருமுறை மட்டுமே ஏற்பாடு செய்யப்பட்டது, இரண்டு நாட்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலுடன் உள்ளே செல்ல வேண்டும். கையுறை தருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன், தரவில்லை. கழுவி உலர்த்திய வெறுங்கையே தோல் ஏட்டுக்குப் பாதுகாப்பானது, கையுறை தொடுவுணர்வை மழுங்கச் செய்து ஏட்டைக் கிழித்துவிடும் என்று காப்பாளர் விளக்கினார். தோலின் மயிர்ப்புறம் சற்று மஞ்சளாகவும் மயிர்க்கால் புள்ளிகளுடனும், சதைப்புறம் வெளுத்தும் இருப்பதை விரலால் தொட்டு அறிந்தேன். வரிகளை நேராக அமைக்க எழுத்தர் ஓரத்தில் குத்திய ஊசித் துளைகள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது தெரிந்தன. என் சுருளின் படங்களை ஓராண்டாகத் திரையில் பார்த்திருந்தும், தோல் துண்டுகள் எந்த வரிசையில் தைக்கப்பட்டிருந்தன என்பதும், இரண்டு துண்டுகளின் பின்புறத்திலும் பதிவுகள் தொடர்ந்தன என்பதும் நேரில்தான் தெரிந்தன. பின்புறம் படமெடுக்கப்படவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களும், 1819 இல் தொடங்கப்பட்ட ஜெர்மானிய மூலநூல் பதிப்புத் திட்டமான மொனுமென்டா ஜெர்மானியே ஹிஸ்டோரிக்காவின் மின்வடிவத் தொகுதிகளும் இன்றைய மாணவருக்குப் பெரும் கொடைகள். அவற்றை நம்பியே பயணத்தை இரண்டு நாட்களாகக் குறைத்ததாகத் துறையில் சொன்னார்கள். ஒரு வாரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆவணக்காப்பகம், நூலகம், அருங்காட்சியகம், பதிப்புத்துறை ஆகியவற்றுக்கு இங்கே கற்ற திறன்கள் நேரடியாகப் பயன்படும். முனைவர் பட்டத்துக்குச் செல்வோருக்கு இலத்தீனுடன் இரண்டு நவீன மொழிகளையாவது படிக்கும் ஆற்றல் வேண்டும். பிரெஞ்சிலும் ஜெர்மானியத்திலும் எழுதப்பட்ட ஆய்வுகளைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் முன்னேற இயலாது. இதைச் சேர்க்கை ஏட்டில் தெளிவாக எழுதியிருக்கவில்லை.

குறைகள் இத்தனை இருந்தும், பொறுமையும் ஆதாரங்களின் மீது பற்றும் உடையவர்களுக்கு இப்படிப்பை நான் பரிந்துரைக்கிறேன். போர்களையும் அரசர்களையும் பற்றி மேலும் அறிய விரும்புவோர் நல்ல நூல்களைப் படித்தாலே போதுமானது. அதற்கு ஈராண்டு தேவையில்லை. சேர்வதாக முடிவு செய்தால், வகுப்பு தொடங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே இலத்தீனைத் தொடங்கிவிடுங்கள். திருச்சபை இலத்தீனின் எளிய பகுதிகளையும் அதனுடன் சேர்த்துப் படியுங்கள். துறைக்கு எழுதும்போது, தொல்லெழுத்தியலுக்கு வாரம் எத்தனை மணி நேரம், நெறியாளர் எந்த மாதத்தில் ஒதுக்கப்படுவார், மூல ஏட்டை எத்தனை நாட்கள் கையில் எடுத்துப் படிக்க முடியும் என்ற மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் சென்ற ஆண்டுத் தொல்லெழுத்தியல் தேர்வுத் தாளின் ஒரு பிரதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்: அதில் ஒரு முழுப் பக்கத்தின் படம் இருந்து, விரித்த எழுத்துகளை அடைப்புக்குறியில் காட்டும்படியும் ஐயங்களைக் குறிக்கும்படியும் கேட்டிருந்தால், அந்தத் துறையில் விண்ணப்பியுங்கள்.